நாரோடு நாராக

மகளுக்குத் தலை பின்னிவிடுவதற்காகக் குனிந்தபோது, அந்தச் சின்னத் தலையிலிருந்து உலையின் நெடி வந்தது.

தன் கையிலிருந்துதான் வருகிறது என்று அவள் முதலில் நினைத்தாள். கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் இருந்தது. மறுபடியும் குனிந்து, வகிட்டின் மேல் மூக்கை வைத்து மெதுவாக மூச்சை இழுத்தாள். சந்தேகமே இல்லை. கழிவறை கழுவும் அமிலத்தைத் தொலைவிலிருந்து முகர்ந்தாற்போல மூக்கின் உட்புறத்தை மெல்லக் கிள்ளுகிற அந்த நெடி, தொழிற்சாலையின் பின்பக்கத்தில், உலையின் கழிவுக்குழாய்க்கு அருகே மட்டுமே இருக்கக்கூடியது. அவள் வேலை பார்க்கும் தையல் அறைக்கே அது எட்டுவதில்லை. மகளோ அந்தத் தொழிற்சாலையின் வாசலைக்கூடப் பார்த்தவள் அல்லள்.

"என்னம்மா, மோந்து மோந்து பாக்குற? நான் என்ன பூவா?" என்றாள் மகள்.

"நேத்து எங்கடி விளையாடின?"

"வீட்லதான். அத்தையக் கேளு."

சமையலறையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். கப்பல் வேலைக்குப் போன அண்ணன் திரும்பும்வரை துணைக்கு இருக்கட்டும் என்று வந்தவள் அவள். வந்த நாள் முதலாக அந்த வீட்டின் பாதிப் பேச்சு அவளுடையதாகிவிட்டது.

"ஆமா அண்ணி, உங்க பொண்ணு வெளிய இறங்கினா தெரு தாங்காதுன்னு நான்தான் உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு? நாறாம என்ன செய்யும்?"

அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் மூன்றாகப் பிரித்த கூந்தலை ஒன்றின் மேல் ஒன்றாக மடிக்கையில் விரல்கள் சற்றே தயங்கின. ஓர் இழை தனியாக நழுவி அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. நீண்டு, நுனியில் லேசாகச் சுருண்ட இழை. அதைக் கண்டதும் பின்னுவதை நிறுத்தினாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவள் போல அதை ஊதிவிட்டு, ரிப்பனைக் கட்டி முடித்தாள்.

தொழிற்சாலையில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். கறுப்புக் கார்பன் நாரால் நெய்த துணியை, பெரிய தொப்பி போன்றதொரு அச்சின் மேல் அடுக்கடுக்காகப் போர்த்தி, அந்த அடுக்குகள் பின்னால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடாதபடி அதே நாரினால் ஊடே தைப்பது அவளுடைய பணி. தைத்து முடித்த தொப்பி உலைக்குள் போகும். உலைக்காரர் உள்ளிருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயுக்களை உள்ளே விடுவார். அவை துணியின் இண்டு இடுக்குகளிலெல்லாம் புகுந்து, ஒவ்வொரு நாரின் மேலும் முதலில் வழுவழுப்பான கரிப்பூச்சு ஒன்றையும், பிறகு அதன் மேல் கல்லையும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலங்களாக, வாரக்கணக்கில் படியவைக்கும். துணியாக உள்ளே போனது பீங்கானாக வெளியே வரும். வெறும் பீங்கானைப் போலப் பட்டென்று தெறித்தும் உடையாது. விரிசல் கண்டால் உள்ளிருக்கும் நார் அதைப் பிடித்து நிறுத்திவிடும். விண்ணிலிருந்து திரும்பும் கலத்தின் மூக்கில் அதைப் பொருத்துவார்களாம். எஃகு தண்ணீராய் ஓடுகிற சூட்டிலும் அது தன் வடிவம் மாறாமல் நிற்குமாம்.

அந்தத் தையல் அறையின் முதல் விதியே தலைமயிரைப் பற்றியதுதான். தலையுறை, முகவுறை, கையுறை, கணுக்கால் வரை அங்கி. அதற்கும் மேலாக, உள்ளே நுழையுமுன் பசையுள்ள உருளை ஒன்றை உடம்பெல்லாம் உருட்டிக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்காகவே தன் கூந்தலைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டவள் அவள். அப்படியிருந்தும், அண்மையில் உலைக்குப் போன தொப்பியின் கடைசி வரிசையில், ஊசி அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தபோது, கறுப்பு நாரோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. விளக்கை அருகே இழுத்துப் பார்த்தாள். நீண்டு, நுனியில் லேசாகச் சுருண்டிருந்தது. காலையில் மகளுக்குப் பின்னிவிட்டபோது உள்சட்டையில் தங்கி, அங்கியின் கழுத்து வழியே எட்டிப் பார்த்து, நூலோடு நூலாக ஊசியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முறைப்படி பார்த்தால் அந்த வரிசை முழுவதையும் பிரித்து, இழையை உருவி எடுத்து, மறுபடியும் தைத்திருக்க வேண்டும். உலையோ திறந்தபடி காத்திருந்தது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஆள் வாசலில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஒரே ஒரு மயிர்தானே, முதல் சூட்டிலேயே சாம்பலாகிப் பறந்துவிடும் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெளியே நீட்டியிருந்த நுனியை ஊசியால் உள்ளே தள்ளி, முடிச்சுப் போட்டாள். யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நெடி வந்த மறுநாள், தலையணையில் கரி இருந்தது.

புகைக்கரி போலப் பொடியாக உதிரவில்லை. விரலால் தொட்டால் மையைப் போல வழுக்கிக்கொண்டு பரவியது. குழந்தையின் தலை வைத்த இடத்தில், தலையின் அளவுக்கே, ஒரு கறுத்த வட்டம். கூந்தல் என்றுமில்லாத பளபளப்போடு விரல்களுக்குள் நிற்காமல் நழுவியது. எத்தனை இறுக்கிக் கட்டினாலும் ரிப்பன் தானாக அவிழ்ந்து கீழே விழுந்தது.

"அண்ணி, இவ ராத்திரி எந்திரிச்சு அடுப்புக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாளா?" என்று நாத்தனார் தலையணை உறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். "நான் துவைக்க மாட்டேன் சாமி. உங்க தொழிற்சாலைக்கே கொண்டு போங்க."

வழுவழுப்பான கரிப்பூச்சு முதலில். பிறகுதான் கல்.

அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவள் தன்னையே கடிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஏதாவது மையைக் கொட்டியிருப்பார்கள். குழந்தைகள் இருக்கிற இடம்.

சில நாட்களில் கரி உதிர்வது நின்றது. அதற்குப் பதிலாகக் கூந்தல் கனத்தது. சீப்பின் பற்கள் ஒவ்வொன்றாக முறிந்து அவள் மடியில் விழுந்தன. சாப்பிட உட்கார்ந்த மகள் எதற்கோ சட்டென்று திரும்பியபோது, பின்னலின் நுனி நாற்காலியின் முதுகில் பட்டு, பீங்கான் கோப்பை ஒன்று இன்னொன்றை உரசியது போன்ற ஓசை கேட்டது. எல்லோரும் ஒரு கணம் மேசையின் மேலிருந்த கோப்பைகளைப் பார்த்தார்கள். அவை அசையவில்லை.

மகளுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "கேளும்மா, கேளும்மா" என்று தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டி ஓசை எழுப்பினாள்.

"போதும்டி, கன்னுக்குட்டி கழுத்துல மணி கட்டின மாதிரி" என்று நாத்தனார் சொன்னாள். சொல்லிவிட்டு, சிரிப்பு பாதியிலேயே வற்றிப்போய், அவளைப் பார்த்தாள். "அண்ணி, இது என்ன சத்தம்?"

அவள் மகளின் பின்னலைக் கையில் பிடித்து ஓசையை நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் பால் பொங்கியது. அடுப்பை அணைக்க அவள் ஓடி வருவதற்குள், பக்கத்தில் நின்ற மகள் கொதிக்கிற பாத்திரத்தை இரண்டு வெறுங்கைகளாலும் தூக்கி, அவசரமே இல்லாமல் நடந்துபோய்த் தொட்டியருகே வைத்தாள். பாலின் நுரை அவள் விரல்களின் மேல் வழிந்து சீறிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சுடவே இல்லம்மா!" குழந்தையின் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

அவள் அந்தக் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். சிவப்பில்லை, கொப்புளமில்லை. உள்ளங்கையின் மேல் மிக மெல்லிய சாம்பல் பளபளப்பு ஒன்று படர்ந்திருந்தது. ரேகைகள் யாரோ அரக்கு ஊற்றி நிரப்பியவை போல, முன்பிருந்த ஆழத்தில் இல்லை.

மருத்துவர் நல்ல மனிதர். குழந்தையின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். அக்குளில் வைத்த வெப்பமானியை எடுத்து, உதறி, மறுபடி வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இது ஏறவே மாட்டேங்குது. கெட்டுப்போச்சு போல. வேற வாங்கணும்" என்று அதை மேசை இழுப்பறைக்குள் போட்டார். "ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா. சத்துக் குறைவு. கீரை குடுங்க. தலைக்கு எண்ணெய் நல்லா வைங்க."

மறுநாள் மதிய இடைவேளையில் அவள் உலைக்கூடத்துக்குப் போனாள். இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த இரும்பு உருளைக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து உலைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் சாப்பிட்டதை யாரும் கண்டதில்லை. பம்ப் தன் போக்கில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நீளமாக ஓர் உறிஞ்சல், ஒரு சின்ன நிறுத்தம், பிறகு தொண்டை அடைத்தவர் விழுங்குவது போல ஒரு முனகல்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளு தங்கச்சி. உலை எப்ப அணையும்னு மட்டும் கேக்காத. எங்க வீட்டுக்காரி தெனம் அதத்தான் கேக்குறா."

"தப்பித் தவறி ஒரு தலைமுடி உள்ள போயிருச்சுன்னு வைங்க. எரிஞ்சு போயிரும்ல?"

அவர் சிரித்தார். "எரியணும்னா காத்து வேணுமே. உள்ள ஏது காத்து? முடி எரியாது தங்கச்சி, கருகும். கருகி, அப்படியே கரிநாரா நிக்கும். நம்ம துணியில இருக்கிற நாரும் ஒரு காலத்துல அப்படிக் கருக்கி எடுத்ததுதான? மில்லுல இருந்து வந்தது எது, மண்டையில மொளச்சது எதுன்னு வாயுவுக்கு என்ன தெரியும்? நாரோட நாரா அதையும் கல்லாக்கிட்டுப் போயிரும்."

காதுக்குள் பம்ப்பின் ஓசை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"ஏன், உன் தையல்ல ஏதாச்சும்..."

"இல்லண்ணே. சும்மாதான் கேட்டேன்."

உலையின் பக்கவாட்டில், சூட்டை அளப்பதற்காக ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில், தடித்த கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. போகிற போக்கில் பார்ப்பவள் போல அவள் அதில் கண்ணை வைத்தாள். உள்ளே எல்லாமே ஒரே ஆரஞ்சு நிறம். சுவருக்கும் பொருளுக்கும் வேறுபாடு இல்லாத, நிழலே இல்லாத ஒளி. கண் பழகப் பழக அந்த ஒளியின் நடுவே தொப்பியின் வளைவு மெல்லப் பிரிந்து தெரிந்தது. உருண்டு திரண்ட, வழுவழுப்பான வளைவு. குளிப்பாட்டும்போது சோப்பு நுரையை வழித்தெடுத்த பிறகு தெரியுமே, ஒரு குழந்தையின் நெற்றி, அதைப் போல.

அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தினமும் நினைத்தாள். என்னவென்று சொல்வது? என் மகளின் தலைமயிர் உங்கள் உலைக்குள் இருக்கிறது, அதனால் என் மகள் கல்லாகிக்கொண்டிருக்கிறாள் என்றா? பைத்தியம் என்பார்கள். அல்லது, அதைவிட மோசமாக, உலையை அவசரமாக அணைப்பார்கள். சூட்டிலிருந்து வேகமாக இறக்கினால் உள்ளிருப்பது விரிசல் விட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். விரிசல் என்ற சொல்லை நினைத்ததுமே அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

விடுமுறை நாள் ஒன்றின் மதியம். திரைச்சீலைகளை இழுத்துவிட்ட அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சில நாட்களாகவே அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை; பசிக்கவில்லை என்றாள், தாகமும் இல்லை என்றாள். தாய் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் ஏதோ வண்டி போயிற்று. குழாயில் தண்ணீர் சொட்டிற்று. அதற்கெல்லாம் அடியில், நீளமாக ஓர் உறிஞ்சல். ஒரு சின்ன நிறுத்தம். பிறகு ஒரு முனகல்.

நீளமாக ஓர் உறிஞ்சல். ஒரு சின்ன நிறுத்தம்.

தையலைச் சோதிப்பதற்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். குழந்தையின் கன்னத்தின் மேல் அதை நிறுத்தினாள். தோலின் நுண்ணிய துளைகள் தெரிந்தன. சில திறந்திருந்தன. சிலவற்றின் விளிம்பில் பனி உறைந்தாற்போல ஏதோ மின்னியது. சில இருந்த இடமே தெரியவில்லை.

கண்ணாடிக்குக் கீழே இமை திறந்தது.

"அம்மா, காது அடைக்குது."

"குளிக்கும்போது தண்ணி போயிருச்சா, தங்கம்?"

"இல்ல." குழந்தை சற்று யோசித்தாள். "வெளிய இருந்து மூடுது."

மறுநாளே உலைக்கூடத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. முந்தைய வாரக் கடைசியிலேயே உலையின் சூட்டை மெதுவாக இறக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து அறையில், வைரத்தூள் பதித்த அரவைச் சக்கரத்தின் கீழே, தொப்பி மேசை மேல் உட்கார்ந்திருந்தது. துணி என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். அடர்ந்த சாம்பல் நிறத்தில், நனைந்தது போன்ற மினுமினுப்போடு, குளிர்ந்துபோய் இருந்தது.

"முடிஞ்சிருச்சாண்ணே?" குரலில் அவளை மீறி ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

"எங்க முடிய? பாதிதான்" என்று உலைக்காரர் கண்ணாடிக் கவசத்தை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டார். "இது எப்பவும் செய்யுற சேட்டைதான். உள்ள நிறையுறதுக்கு முன்னாடி மேல ஓடு கட்டிக்கும். வாசல அடைச்சிட்டா வாயு எந்த வழியா உள்ள போகும்? வெளிய பாத்தா முழுசா இருக்கும், உள்ள வெறுங்கூடு. அதான், மேலோட்ட அரைச்சு வாசலத் திறந்துவிட்டு, மறுபடி உலையில வைக்கிறது. உன் தையல் எந்தப் பக்கமா ஓடுதுன்னு காட்டு. அங்க பதமா ஓட்டணும்."

அவள் காட்டினாள். இங்கே, இங்கே, பிறகு இங்கே. கடைசி வரிசையின் மேல் விரல் நின்றது. உச்சியிலிருந்து சற்றுக் கீழே, நெற்றி இருக்க வேண்டிய இடம்.

"அரைக்காம விட முடியாதாண்ணே?"

"விடலாம். அப்புறம் எதுக்கு ஆகும்?" சொல்லிக்கொண்டே அவர் சக்கரத்தை முடுக்கினார். தண்ணீர் பீய்ச்சியது. சக்கரம் முதலில் ஊளையிட்டு, பிறகு ஊளை மெலிந்து, கேட்கவே முடியாத ஓர் இழையாகக் கூர்ந்தது. உலைக்காரர் கைப்பிடியை இறக்கினார். தொட்டது. ஒரே ஒரு கணம்; பல்லைக் கூசவைக்கும் ஒலி.

அவள் அங்கியின் உள்ளே கைப்பேசி அதிர்ந்தது.

நாத்தனாரின் குரல் வருவதற்கு முன்பே அந்த அலறல் வந்தது. மகளின் குரல். அத்தனை உயரத்தில் அவள் இதுவரை கேட்டறியாத குரல். "அண்ணி! அண்ணி, என்னன்னு தெரியல, சும்மா உக்காந்திருந்தவ கத்துறா! யாரோ தலையில தேய்க்கிறாங்கன்னு கத்துறா! நெத்தியில கீறல், அண்ணி, நான் தொடக்கூட இல்ல..."

"நிறுத்துங்க!"

எப்படி மேசைக்கும் சக்கரத்துக்கும் நடுவே போனாள் என்பது அவளுக்கே தெரியாது. தொப்பியை இரு கைகளாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தாள். உலைக்காரர் வெளிறிப்போய்ச் சக்கரத்தை அணைத்தார். கைப்பேசியில் அலறல் சட்டென்று நின்றது.

"உனக்குப் பைத்தியமா? கை போயிருக்கும்!"

"அதுல முடி இருக்குண்ணே." அழுகையில் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. "கடைசி வரிசையில. நான்தான் விட்டேன். தெரிஞ்சே விட்டேன். இது ஆகாது. ஒதுக்கிருங்க. இது மேல சக்கரம் படக்கூடாது."

அவர் கவசத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வரிசையப் பிரிச்சிருந்தா போதுமே, தங்கச்சி."

"தெரியும்ண்ணே."

"வேலை போயிரும்."

"போகட்டும்."

அவர் பெருமூச்சு விட்டு, அவள் கைகளிலிருந்து அதை மெதுவாக வாங்கி, ஒரு துணியால் போர்த்தி, ஒதுக்கப்பட்ட பொருள்களுக்கான அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். தப்பித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். அவ்வளவு நாளில் முதன்முறையாக அப்படி நினைத்தாள்.

"இனிமே இது உலைக்குள்ள போகாதுல்லண்ணே?"

"போகாது. இப்படியேதான் இருக்கும்."

"இப்படியேன்னா?"

"மேல மூடி, உள்ள மூடாம." அவர் கையுறையைக் கழற்றினார். "எத்தன வருஷம் ஆனாலும்."

பேருந்தில் அவள் உட்காரவில்லை. அந்தி மங்கும் தெருவில் அவள் ஓடி வந்ததைக் கண்டு நாத்தனார் வாசலுக்கே வந்துவிட்டாள். நாத்தனாரின் கால்களில் செருப்பில்லை.

"கத்துறது நின்னுருச்சு அண்ணி. ஆனா பேசவும் மாட்டேங்குறா. மூஞ்சி என்னமோ மாதிரி... நான் போய் டாக்டரக் கூட்டிட்டு வர்றேன். நீங்க உள்ள போங்க." போகிறவள் திரும்பி, தாழ்ந்த குரலில், "லைட்டப் போட்டுப் பாத்து அணைச்சேன். அவ கண்ணு கூசவே இல்ல" என்றாள்.

அறையில் அந்த நெடி நின்றது.

மகள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். நெற்றியில் ஒரு கீறல். ரத்தமில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதைச் சுற்றி முகம் முழுதும் நனைந்தது போல மின்னியது. காது மடல்களுக்கு நடுவே குழியே இல்லை. சமமாக நிரம்பியிருந்தது. மூக்கின் கீழே இரண்டு துளைகள் இருந்த இடத்தில், விரல் அழுத்தியது போல இரண்டு ஆழமற்ற பள்ளங்கள்.

"கண்ணம்மா."

உதடுகள் மூடியிருப்பதாகத்தான் தோன்றியது. தொட்டுப் பார்த்தாள். மூடுவதற்கு அங்கே உதடுகளே இல்லை. ஒரே பரப்பு. வழவழவென்று. குளிர்ந்து.

கண்கள் திறந்திருந்தன. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் போல, ஒரு பளபளப்புக்கு அடியில். அவை அசைந்தன. அவளைத் தேடி வந்து நின்றன.

உள்ளே மூடவில்லை. உள்ளே இன்னும் மென்மையாக, பயந்துபோய், முழுதாக, அவள் மகள் இருந்தாள். உள்ளே போகக் காற்றுக்கு வழி இல்லை.

வாசலைத் திறக்க வேண்டும்.

அவள் சமையலறைக்கு ஓடினாள். கத்தி தீட்டும் கல் தொட்டியருகே இருந்தது. அதை நனைத்தாள். குழந்தையின் பின்தலையை இடக்கையால் தாங்கிக்கொண்டாள். "கொஞ்சம் பொறுத்துக்க. அம்மாதான். அம்மாதான்." வாய் இருக்க வேண்டிய இடத்தில் கல்லை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

பல்லைக் கூசவைக்கும் ஒலி. கண்கள் விரிந்தன. தேய்த்தாள். சாம்பல் நிறத் தூள் விரல்களுக்கு இடையே குழம்பாக வழிந்தது. தேய்த்தாள். தன் அழுகை தனக்கே கேட்கவில்லை. தேய்த்தாள்.

ஒரு புள்ளி.

ஊசியின் காது அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே காற்று விசில் போலச் சீறிக்கொண்டு உள்ளே போயிற்று. சின்ன மார்பு தூக்கிப் போட்டது. பிறகு அந்தத் துளையிலிருந்து, வெகு தொலைவில் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல, "ம்மா."

அவள் கண்ணீரைத் துடைக்கக் கையை எடுத்தாள். ஒரே நொடி. துளையின் விளிம்பில் பனி போல ஏதோ மின்னியது. விசில் மெலிந்தது. கூர்ந்தது. நின்றது.

தேய்த்தாள். திறந்தது. நிறுத்தினாள். மூடியது.

நிறுத்தக்கூடாது. அவ்வளவுதான். மெதுவாக, ஒரே சீராக, நிறுத்தாமல். அவளுக்குத் தெரிந்த வேலைதான் இது. பொறுமையாக, கையை எடுக்காமல் செய்கிற வேலை. காற்று உள்ளே போயிற்று, வெளியே வந்தது. போயிற்று, வந்தது. இப்படியே எத்தனை நாள் வேண்டுமானாலும் செய்வாள். எத்தனை வருடம் வேண்டுமானாலும்.

வாசலில் காலடிகள்.

"ஐயோ! அண்ணி! என்ன பண்றீங்க!"

"வராத! கைய எடுத்தா மூடிரும்!"

மங்கிய வெளிச்சத்தில் அவர்கள் கண்டது ஒரு தாயை. குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு, அதன் வாயில் கத்தி தீட்டும் கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயை. மருத்துவர் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். நாத்தனாரின் கைகள் பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றி இறுக்கின. அவள் உதைத்தாள். கடித்தாள். கல் கையிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"விடுங்க! அவளுக்கு மூச்சு! மூச்சு போகணும்!"

"பிடிச்சுக்கங்க, விடாதீங்க" என்றார் மருத்துவர். அவருக்குத் தெரிந்த முதல் காரியத்தை அவர் செய்தார். கைநிறையப் பஞ்சை எடுத்து, காயத்தின் மேல் வைத்து, பலமாக அழுத்தினார். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல. இதோ சரியாயிரும்."

பிறகு கட்டுத்துணியைத் தேடிப் பையின் பக்கம் திரும்பினார். கையை எடுத்துவிட்டார்.

பஞ்சு கீழே விழவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றது. வெள்ளை வெளேரென்ற அந்தப் பஞ்சின் நடுவே, நாத்தனாரின் தோளுக்கு மேலாக, அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்படி, ஒரு சாம்பல் புள்ளி தோன்றியது. அது இழை இழையாக ஓரங்களை நோக்கி நகர்ந்தது. அதற்கு மேலே, பளபளப்புக்கு அடியில், இரண்டு கண்கள் இமைக்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.